திபேரியஸ்

திபேரியஸ் (டைபீரியஸ் எனவும் எழுதப்படும்; ஆட்சிப் பெயர்: திபேரியஸ் சீசர் அகஸ்டஸ்; நவம்பர் 16, கி.மு. 42 – மார்ச் 16, கி.பி. 37) உரோமைப் பேரரசின் இரண்டாவது பேரரசர் ஆவார். முதற் பேரரசரான அகஸ்டசின் வளர்ப்பு மகனாகிய இவர் கி.பி. 14 முதல் கி.பி. 37 வரை ஆட்சி புரிந்தார். இயேசு கிறித்து சிலுவையில் அறையப்பட்டது இவருடைய ஆட்சிக் காலத்திலாகும்.

தமிழக வரலாற்றோடும் இவருக்குத் தொடர்புண்டு. இவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். ஆயினும் தென்னிந்தியாவில் புதையல்களாகக் கிடைத்துள்ள உரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பான்மையானவை இவருடைய உருவத்தையோ அகஸ்டசின் உருவத்தையோ தாங்கியவை. செட்டிநாட்டுக்கு வடகிழக்கே உள்ள கருக்காக்குறிச்சியில் 1898 ஆம் ஆண்டு கிடைத்த புகழ்பெற்ற பொற்காசுப் புதையலிலும் இவருடைய காசுகள் இருந்தன. உரோமாபுரியின் செல்வம் மணிகளுக்காக அயல்நாடுகளுக்குச் செல்வதாக ஆட்சி மன்றத்துக்கு எழுதிக் குறைபட்டுக்கொண்டவரும் இதே பேரரசர்தாம்.

பிறப்பும் இளமையும்

திபேரியஸ் உரோமாபுரியில் பழம்பெருமை வாய்ந்த குளோடிய குலத்தில் பிறந்தார். தந்தையின் பெயர் திபேரியஸ் குளோடியஸ் நீரோ. தாய் லிவியா துருசில்லா. அக்காலத்தில் உரோமானியக் குடியரசு உள்நாட்டுப் போரால் சிதறிக் கொண்டிருந்தது. தந்தை, பின்னாளில் அகஸ்டஸ் எனப் பெயர் பெற்ற ஒக்டேவியனுக்கு எதிரான அணியில் நின்றார். அந்த அணி தோற்றதும் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு இத்தாலியிலிருந்து சிசிலிக்கும் அங்கிருந்து கிரேக்கத்துக்கும் தப்பியோடினார். நேப்பிள்ஸ் நகரில் மறைவாகக் கப்பலேறும்பொழுது குழந்தை அழுத அழுகை அவர்களை இருமுறை காட்டிக்கொடுக்கப் பார்த்தது என வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியுள்ளார்.

பொது மன்னிப்புப் பெற்று அக்குடும்பம் உரோமுக்குத் திரும்பியது. லிவியாவைக் கண்ட ஒக்டேவியன் அவரை மணக்க விரும்பினார். லிவியா அப்பொழுது இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்திருந்தார். எனினும் கணவர் மணவிலக்கு அளிக்க, கி.மு. 38 இல் திருமணம் நடந்தேறியது. அதன்பின் சில மாதங்களில் இளையவன் துரூசஸ் பிறந்தான். தந்தை இறந்தபொழுது திபேரியசுக்கு வயது ஒன்பது. அந்த வயதிலேயே மன்றத்தின் மேடையில் நின்று தந்தைக்கு இரங்கலுரை ஆற்றினார். பின்னர்த் தாயோடு, தந்தையைத் தோற்கடித்தவரின் இல்லத்தில் வளர்ந்தார்.

கி.மு. 20 இல், இருபது வயதைச் சற்றே கடந்திருந்த திபேரியஸ் படையுடன் ஆர்மீனியா சென்று, உரோமுக்கு இணக்கமான ஓர் அரசனை அங்கு முடிசூட்டினார். அதையொட்டிய குளிர்காலத்தில் அகஸ்டஸ் சாமோஸ் தீவில் தங்கியிருந்தபொழுது இந்தியாவிலிருந்து ஒரு தூதுக்குழு அவரைக் காண வந்தது. அகஸ்டசிடம் வந்த இந்தியத் தூதினைக் குறிப்பிடும் புவியியலாளர் ஸ்ட்ராபோ, அதை அனுப்பிய அரசர் பாண்டியனோ போரஸ் என்னும் வேறொருவரோ என எழுதுகிறார். எகிப்து கி.மு. 30 இல் உரோமின் ஆட்சிக்குள் வந்தபின் செங்கடல் வழியாக ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் சென்றன என்பதும் அவர் தரும் செய்தியே. திபேரியசின் இளமைக்காலமும் இக்கடல் வணிகத்தின் வளர்ச்சிக் காலமும் ஒன்றாகும்.

மணவாழ்க்கை

திபேரியசின் முதல் மனைவி விப்சானியா. இவர் அகஸ்டசின் நண்பரும் படைத்தலைவருமான அக்ரிப்பாவின் மகள். இவ்விருவரும் மனமொத்து வாழ்ந்தனர்; துரூசஸ் என்னும் மகனும் பிறந்தான். (தம்பியின் பெயரும் மகனின் பெயரும் ஒன்றே என்பதைப் படிப்போர் மனத்திற் கொள்ளவேண்டும்.)

கி.மு. 12 இல் அக்ரிப்பா இறந்தார். அவருடைய கடைசி மனைவி அகஸ்டசின் ஒரே மகளான ஜூலியா. விதவையான மகளுக்கு அகஸ்டஸ் தேர்ந்தெடுத்த கணவர் திபேரியஸ். மறுப்பதற்கு வழியில்லை. விப்சானியா மீண்டும் கருவுற்றிருந்த நிலையில் திபேரியஸ் அவரை விலக்கிவிட்டு, கி.மு. 11 இல் ஜூலியாவை மணந்தார். பின்னொரு நாள் தெருவில் விப்சானியாவைக் கண்ட அவர் கண்ணீர் மல்கப் பின்தொடர்ந்து சென்றதாகவும், இனி அவர் திபேரியசின் கண்ணிற் படாதவாறு பார்த்துக்கொள்ளப்பட்டதாகவும் கூறப்படுகிறது. திபேரியசைக் கடுமையாகச் சாடும் சுவெட்டோனியசே இச்செய்தியைத் தருவதால் இதனை நம்பலாம்.

கி.மு. 9 இல் தம்பி துரூசஸ் ஜெர்மானியாவில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். செய்தியறிந்து இரவுபகலாக விரைந்து சென்ற திபேரியஸ், தம்பியின் உடலை உரோமுக்குக் கொண்டுவந்தபொழுது வழி முழுவதும் அதன் முன்னே நடந்தே வந்தார்.

ரோட்ஸ் தீவில்

ஜூலியாவுக்கும் அக்ரிப்பாவுக்கும் பிறந்த காயஸ், லூசியஸ் என்னும் இரு சிறுவர்களையும் அகஸ்டஸ் தம் மக்களாகத் தத்தெடுத்திருந்தார். அரசுரிமை அவர்களுக்கே என்பது வெளிப்படை. ஜெர்மானியாவிலும் பன்னோனியாவிலும் போர்களை வென்றிருந்த திபேரியஸ், அவர்கள் வளரும் வரை இடத்தைக் காத்து நிற்கும் காவலராகவே கருதப்பட்டார். கி.மு. 6 இல், உயர்ந்த அதிகாரங்கள் வழங்கப்பட்ட அதே வேளையில், அவர் திடீரென அனைத்தையும் துறந்து ரோட்ஸ் தீவுக்குச் சென்றுவிட்டார். ஜூலியாவின் நடத்தை காரணம் என்பர் சிலர்; வளர்ந்துவரும் இளவரசர்களுக்கு வழிவிட்டார் என்பர் வேறு சிலர். திரும்பிவர விரும்பியபொழுது அகஸ்டஸ் ஒப்பவில்லை. ஓய்வாகத் தொடங்கியது நாடுகடத்தலாக மாறியது.

அவர் ரோட்சில் இருந்த காலத்தில், கி.மு. 2 இலிருந்து, லுக்டூனம் (இன்றைய பிரான்சின் லியோன்) அக்கசாலையில் ஒரு புதிய வெள்ளிக் காசு பெருமளவில் அச்சிடப்பட்டது. அதன் ஒருபுறம் அகஸ்டசின் தலை. மறுபுறம் காயசும் லூசியசும் மேலாடை அணிந்து நிற்கின்றனர்; அவர்களுக்கு இடையே கேடயங்களும் ஈட்டிகளும், மேலே சமயச் சடங்குக்குரிய கரண்டியும் கோலும் காணப்படுகின்றன. அகஸ்டசின் மக்கள், தேர்வு பெற்ற கான்சல்கள், இளைஞர் தலைவர்கள் என எழுத்துப்பொறிப்பு அவர்களைக் குறிக்கிறது. செய்தித்தாள் இல்லாத உலகில் அடுத்த ஆட்சியாளர் யார் என்பதைப் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் அறிவித்தது இந்தக் காசு. அதில் திபேரியசுக்கு இடமில்லை.

ஆனால் லூசியஸ் கி.பி. 2 இல் மசிலியாவில் (இன்றைய மார்சேய்) நோயுற்று இறந்தான். காயஸ் ஆர்மீனியாவில் பட்ட காயத்தால் கி.பி. 4 இல் இறந்தான். உரோமுக்குத் திரும்ப ஏற்கனவே ஒப்புதல் பெற்றிருந்த திபேரியசை அகஸ்டஸ் அதே ஆண்டு ஜூன் மாதம் மகனாகத் தத்தெடுத்தார். அப்பொழுதும் நிபந்தனை இருந்தது: திபேரியஸ் தம் சொந்த மகன் இருக்கவே, தம்பி மகனான ஜெர்மானிக்கசைத் தத்தெடுக்க வேண்டும். அகஸ்டசுக்கு உதவ வேறெவரும் எஞ்சியிருக்கவில்லை என்பதே திபேரியஸ் பேரரசரானதற்கு உண்மையான காரணம் எனலாம்.

அடுத்த பத்தாண்டுகளை அவர் போர்க்களத்தில் கழித்தார். கி.பி. 6 முதல் 9 வரை நீடித்த பன்னோனியக் கிளர்ச்சியை அடக்கினார். கி.பி. 9 இல் தியூட்டோபர்க் காட்டில் மூன்று உரோமானியப் படையணிகள் ஜெர்மானியரால் அழிக்கப்பட்டபின் ரைன் எல்லையைக் காத்தார். வீரர்களின் உயிரை வீணாக்காத படைத்தலைவர் என அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த வெல்லையஸ் பட்டர்குலஸ் புகழ்கிறார். அவருடைய புகழுரை அளவுக்கு மீறியதே. எனினும் இதில் பொய்யில்லை.

பேரரசர்

கி.பி. 14 ஆகஸ்ட் 19 அன்று அகஸ்டஸ் இறந்தார். ஐம்பத்தைந்தாம் வயதை நெருங்கிக்கொண்டிருந்த திபேரியஸ் பெருந்தயக்கத்துடன் ஆட்சியை ஏற்றார். இத்தயக்கம் நடிப்பே என்கிறார் தாசிட்டஸ். தந்தையர் நாட்டின் தந்தை என்னும் பட்டத்தைத் திபேரியஸ் மறுத்தார். மாதம் ஒன்றுக்குத் தம் பெயரிட முன்வந்ததையும் ஏற்கவில்லை. தமக்குக் கோயில் கட்ட எசுப்பானியர் விரும்பியபொழுது, தாம் மனிதரே என்று கூறி மறுத்துவிட்டார்.

நிருவாகத்தில் சிக்கனமானவர். எகிப்திலிருந்து வழக்கத்தை விட மிகுதியான வரிப்பணம் வந்தபொழுது, ஆடுகளின் மயிரைக் கத்தரிக்கவே அனுப்பினேன், தோலை உரிக்க அன்று என்னும் பொருள்படக் கடிந்துகொண்டார். கி.பி. 17 இல் சின்ன ஆசியாவின் பன்னிரு நகரங்களை நிலநடுக்கம் தாக்கியது. பெரிதும் பாதிக்கப்பட்ட சார்டிஸ் நகருக்கு ஒரு கோடி செஸ்டர்ஷியசும் ஐந்தாண்டு வரிவிலக்கும் அளித்தார். இதனை நினைவுகூர்ந்து ஒரு பித்தளைக் காசும் வெளியிடப்பட்டது.

கி.பி. 19 இல் மக்களின் அன்புக்குரிய ஜெர்மானிக்கஸ் அந்தியோக்கியாவில் இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற ஐயம் திபேரியசின் மீதும் நிழலாக விழுந்தது. அதற்குச் சான்று ஏதுமில்லை. ஆயினும் மக்கள் அவரை மன்னிக்கவில்லை.

தெனாரியஸ் காசு

திபேரியசின் வெள்ளிக் காசு தெனாரியஸ் எனப்படும். ஓர் உரோமானிய இராத்தல் வெள்ளியில் 84 காசுகள் என்னும் கணக்கில், ஏறத்தாழ 3.9 கிராம் எடையுடன், கலப்பற்றது எனத்தக்க வெள்ளியில் இது அச்சிடப்பட்டது. நான்கு செஸ்டர்ஷியஸ் ஒரு தெனாரியஸ். இருபத்தைந்து தெனாரியஸ் ஒரு பொற்காசு. காலாட்படை வீரனின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியஸ். கூலியாள் ஒருவனின் ஒருநாட் கூலி ஒரு தெனாரியஸ் என்பது விவிலிய உவமை ஒன்றால் அறியப்படுகிறது.

காசின் முன்புறத்தில் வாகைமாலை சூடிய திபேரியசின் தலை வலப்புறம் நோக்கியுள்ளது. சுற்றிலும், தெய்வமாகிய அகஸ்டசின் மகன் திபேரியஸ் சீசர் அகஸ்டஸ் என்னும் பொருள்படும் இலத்தீன் எழுத்துகள் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பின்புறத்தில் இருக்கையில் அமர்ந்த ஒரு பெண் கோலையும் கிளையையும் ஏந்தியிருக்கிறாள். தலைமைக் குரு என்னும் பேரரசரின் பட்டம் சுற்றிலும் உள்ளது. இப்பெண் அமைதித் தெய்வத்தின் கோலத்தில் உள்ள லிவியா என்பது பலரின் கருத்து. தன்னைக் கடவுளாக்க வேண்டாம் என்றவரின் காசு அவரைக் கடவுளின் மகன் என்றே அறிவித்தது கவனிக்கத்தக்கது. அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு கையிலும் நினைவூட்டுவதே அந்தப் பொறிப்பின் பணி.

வரி செலுத்தலாமா என இயேசுவிடம் கேட்கப்பட்டபொழுது அவருக்குக் காட்டப்பட்டது இக்காசே என்னும் மரபு உண்டு. அதனால் நாணயம் சேகரிப்போர் இதனை வரிக்காசு என்றே அழைப்பர். தமிழ்த் திருவிவிலியத்தில் இது தெனாரியம் என வருகிறது.

ஆட்சியின் தொடக்கத்தில் குறைந்த அளவில் வெளிவந்த வேறொரு வகையைத் தவிர்த்தால், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக லுக்டூனம் அக்கசாலை இந்த ஒரே வடிவத்தையே வெளியிட்டு வந்தது. மற்றப் பேரரசர்கள் போர் வெற்றிக்கும் கோயிலுக்கும் புதுப்புதுக் காசு வெளியிட்டனர். திபேரியஸ் அதில் நாட்டம் காட்டவில்லை. இந்த மாறாமையே அயல்நாட்டு வணிகரிடம் அக்காசுக்கு நம்பிக்கையைத் தேடித்தந்தது எனலாம். இலத்தீன் படிக்கத் தெரியாதவரும் பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடிய வெள்ளி அது.

கி.பி. 22 ஆம் ஆண்டின் கடிதம்

கி.பி. 16 இல் ஆடவர் பட்டு உடுத்துவதற்கு உரோமானிய ஆட்சி மன்றம் தடை விதித்தது. ஆடம்பரம் குறையவில்லை. கி.பி. 22 இல் கடுமையான சட்டம் வேண்டும் என மன்றத்தில் கோரிக்கை எழுந்தது. அதற்குத் திபேரியஸ் அனுப்பிய பதில் கடிதத்தின் கருத்தைத் தாசிட்டஸ் விரிவாகத் தருகிறார். எதை முதலில் தடுப்பது எனத் தெரியாது அவர் அடுக்கிக் காட்டும் பட்டியலில் பெரிய மாளிகைகளும் அடிமைக் கூட்டமும் பொன், வெள்ளிப் பாத்திரங்களும் இருந்தன. பெண்கள் விரும்பும் மணிகளுக்காக உரோமாபுரியின் பணம் அயலாரிடமும் பகைவரிடமும் போய்ச் சேர்கிறது என்பதும் அப்பட்டியலில் இருந்தது. ஆயினும் சட்டத்தால் இதைத் திருத்த முடியாது என்றே அவர் முடித்தார். தடை எதுவும் வரவில்லை.

அயலார் என்று அவர் எந்த நாட்டாரையும் பெயர் சுட்டவில்லை. அம்மணிகளில் ஒரு பகுதி எங்கிருந்து சென்றது என்பது தமிழருக்குத் தெரிந்ததே. கொங்கு நாட்டின் படியூரில் பச்சைக்கல் எனப்படும் பெரில் மணி வெட்டியெடுக்கப்பட்டது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் மணிகள் பட்டை தீட்டப்பட்டதற்கான சான்றுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. பாண்டிநாட்டு முத்தும் சேரநாட்டு மிளகும் மேற்குக் கரையின் முசிறித் துறையிலிருந்து கப்பலேறின. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பியதை அகநானூற்றின் 149 ஆம் பாடல் குறிக்கிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியசை இந்தியா உறிஞ்சிக்கொள்வதாகப் பிளினி பின்னர்க் கணக்கிட்டார்.

இவ்வணிகத்தால் உரோமுக்கு இழப்பு மட்டுமே என எண்ணுவதும் பிழை. எகிப்து வழியாக வந்த கிழக்கத்தியச் சரக்குகளின் மீது நூற்றுக்கு இருபத்தைந்து சுங்கம் வாங்கப்பட்டது. வருந்திய பேரரசரின் கருவூலத்துக்கே அவ்வருவாய் சென்றது.

காப்ரி தீவும் செஜானசும்

கி.பி. 23 இல் மகன் துரூசஸ் இறந்தான். அதன்பின் திபேரியஸ் காவற்படைத் தலைவன் செஜானசை முற்றிலும் நம்பலானார். கி.பி. 26 இல் உரோமை விட்டு நீங்கி, அடுத்த ஆண்டு காப்ரி தீவில் குடியேறினார். அதன்பின் இறக்கும் வரை தலைநகருக்குள் அவர் நுழையவில்லை. பேரரசு கடிதங்களின் வழியே ஆளப்பட்டது.

கி.பி. 29 இல் லிவியா தம் எண்பத்தாறாம் வயதில் இறந்தார். தாயும் மகனும் நெடுநாளாகப் பிணங்கியிருந்தனர். அடக்கத்துக்குத் திபேரியஸ் வரவில்லை. தாயைத் தெய்வமாக்கும் தீர்மானத்தையும் தடுத்துவிட்டார். ஆயினும் காசின் ஒருபுறம் மகனும் மறுபுறம் தாயெனக் கருதப்படும் உருவமும் முன்போலவே அச்சாகிக்கொண்டிருந்தன.

செஜானஸ் தனக்கெதிராகச் சதி செய்வதாக அறிந்த திபேரியஸ் கி.பி. 31 அக்டோபர் 18 அன்று ஒரு நீண்ட கடிதத்தின் மூலம் அவனை மன்றத்திலேயே கைது செய்வித்தார். அன்றே அவன் கொல்லப்பட்டான். அவனுடைய குழந்தைகளும் கொல்லப்பட்டனர். தொடர்ந்து அரசத் துரோக வழக்குகள் பெருகின. ஒற்றர் சொல்லை நம்பிப் பலர் உயிரிழந்தனர். அகஸ்டசின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பிடத்துக்குக் கொண்டுசெல்வதும் மரண தண்டனைக்குரிய குற்றமாகக் கொள்ளப்பட்டதாகச் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். இதில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆயினும் காசில் உள்ள முகம் பேரரசரின் உடலுக்கு நிகராக எண்ணப்பட்டது என்பதை இச்செய்தி காட்டுகிறது. காப்ரியில் அவர் நடத்தியதாகக் கூறப்படும் ஒழுக்கக்கேடுகள் பெரும்பாலும் வதந்தியைச் சார்ந்தவை. வழக்குகளும் கொலைகளும் அவ்வாறு தள்ளத்தக்கவை அல்ல.

கி.பி. 33 ஆம் ஆண்டின் பணமுடை

கி.பி. 33 இல் உரோமாபுரியில் பணத்தட்டுப்பாடு ஏற்பட்டது. வட்டிக்குக் கொடுப்போர் தம் முதலின் ஒரு பகுதியை இத்தாலிய நிலத்தில் இடவேண்டும் என்னும் பழைய சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கொடுத்தவர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் கடனைத் திருப்பிக் கேட்டனர். கடன்பட்டவர்கள் நிலத்தை விற்க முற்பட, நிலத்தின் விலை வீழ்ந்தது. தண்டனை பெற்றோரின் உடைமைகள் விற்கப்பட்டு வெள்ளி ஏற்கனவே கருவூலத்துக்குள் முடங்கியிருந்தது. திபேரியஸ் பத்துக் கோடி செஸ்டர்ஷியசை, நிலத்தை ஈடாகக் கொண்டு மூன்று ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடனாக வழங்கினார். நெருக்கடி தணிந்தது.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் கடன் கொடுத்திருந்த செட்டிநாட்டு நகரத்தாருக்கு நேர்ந்தது இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே நெல் விலை வீழ்ந்து, பணம் திரும்பாமல் நிலமே அவர்கள் கைக்கு வந்தது. அவர்களுக்கு வட்டியில்லாக் கடன் தரக் காப்ரியில் ஒரு பேரரசர் இல்லை.

மறைவு

கி.பி. 37 மார்ச் 16 அன்று மிசேனம் என்னும் ஊரில் தம் எழுபத்தேழாம் வயதில் திபேரியஸ் காலமானார். தலையணையால் அழுத்திக் கொல்லப்பட்டார் என்ற கதையும் வழங்குகிறது. உரோமானிய மக்கள் மகிழ்ந்தனர். உடலைத் திபர் ஆற்றில் எறிய வேண்டும் எனக் கூவினர். அகஸ்டசைப் போல் அவர் தெய்வமாக்கப்படவில்லை. கருவூலத்தில் அவர் விட்டுச்சென்ற 270 கோடி செஸ்டர்ஷியசை அடுத்து வந்த கலிகுலா ஓராண்டுக்குள் செலவழித்துவிட்டதாகக் கூறப்படுகிறது.

தமிழகத்தில் திபேரியசின் காசுகள்

திபேரியசின் தெனாரியஸ்கள் தமிழகத்தில் மிகுதியாகக் கிடைப்பது கொங்கு நாட்டில் ஆகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையையும் உள்நாட்டையும் இணைத்த பெருவழி இப்பகுதியில் சென்றது. பொள்ளாச்சியில் 1800 ஆம் ஆண்டும், கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842 ஆம் ஆண்டும் புதையல்கள் கிடைத்தன. வெள்ளலூரில் மட்டும் அவ்வாண்டு ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. கரூரிலும் உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள பூதிநத்தத்திலும் பெரும் புதையல்கள் கிடைத்துள்ளன. இவற்றை இராபர்ட் சீவெல் 1904 இல் தொகுத்து எழுதினார். 1989 இல் பவுலா டர்னர் விரிவான பட்டியல் வெளியிட்டார்.

இப்புதையல்களில் இருவகைக் காசுகளே மேலோங்கி நிற்கின்றன. ஒன்று காயசும் லூசியசும் நிற்கும் அகஸ்டசின் காசு. மற்றொன்று பெண் அமர்ந்திருக்கும் திபேரியசின் காசு. ரோட்ஸ் தீவில் ஒதுங்கிக் கிடந்தவரும், அவரை ஒதுக்கிவைத்த இளவரசர்களும் கொங்கு நாட்டுப் பானைகளில் ஒன்றாகவே இருந்தனர். அவற்றைப் புதைத்தவருக்கு இந்தக் குடும்பப் பகை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தமிழக வணிகர் கருதியது எடையும் மாற்றுமே. ஒரே எடையுடைய காசுகளில் வெவ்வேறு முகங்கள் இருந்ததைக் கண்டு இலங்கை மன்னன் ஒருவன் உரோமானியரின் நேர்மையை வியந்ததாகப் பிளினி கூறும் கதையும் இதனையே காட்டுகிறது.

கலிகுலா, குளோடியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் இங்கு மிகக் குறைவு. கி.பி. 64 இல் நீரோ தெனாரியசின் எடையை இராத்தலுக்கு 96 என்ற அளவுக்குக் குறைத்து, செம்புக் கலப்பையும் கூட்டினார். அதன்பின் வந்த புதிய வெள்ளி இங்கு விரும்பப்படவில்லை. பொற்காசே மிகுதியாக வந்தது. திபேரியசின் பழைய காசுகள் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும் தேர்ந்தெடுத்துக் கப்பலேற்றப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். எனவே ஒரு புதையலில் திபேரியசின் காசு இருப்பதைக் கொண்டே அது அவர் காலத்தது என முடிவு செய்தல் பொருந்தாது. அவருடைய காசைப் பார்த்து உள்நாட்டிலேயே செய்யப்பட்ட போலிகளும் கிடைத்துள்ளன. அவற்றில் இலத்தீன் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாக மாறியிருக்கும்.

காரைக்குடியை நடுவாகக் கொண்ட செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரந்துள்ளது. அதற்கு வடகிழக்கே, அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 1898 இல் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் (கி.பி. 69 – 79) வரையிலான காசுகள் இவை. பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹில் இவற்றை ஆராய்ந்து அதே ஆண்டு கட்டுரை வெளியிட்டார். இக்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டுள்ளது. கொங்கு நாட்டு வெள்ளிக் காசுகள் சிலவற்றிலும் இத்தகைய வெட்டு உண்டு.

இதற்குக் காரணம் என்ன என்பதில் ஒத்த கருத்து இல்லை. உள்ளே செம்பு வைத்து மேலே முலாம் பூசிய போலியா எனச் சோதிக்க வெட்டினர் என்பர் சிலர். ஆனால் சோதனைக்கு விளிம்பில் ஒரு கீறல் போதும். எப்பொழுதும் முகத்தின் மீதே வெட்ட வேண்டியதில்லை. காசாகச் செல்லாது, வெறும் பொன்னாகவே கொள்ளத்தக்கது என உள்நாட்டு அரசு இட்ட அடையாளம் என்பது வலுவான விளக்கமாகத் தோன்றுகிறது. வேற்றரசரின் உருவம் தம் நாட்டில் அதிகாரத்தோடு உலவுவதை விரும்பாமை இதில் இருந்திருக்கக்கூடும்.

உருவத்தை வெட்டிய தமிழகம் அதனைப் பின்பற்றவும் செய்தது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் சேர மன்னர்களின் வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. ஒரு மனிதத் தலையும் அதன் மேலே தமிழ் பிராமி எழுத்தில் மன்னரின் பெயரும் அவற்றில் உள்ளன. வில்லையும் யானையையும் பொறித்துவந்த சேரர் தம் முகத்தையும் பெயரையும் காசில் இட்டது உரோமானியத் தெனாரியசைக் கண்டதால் ஏற்பட்ட மாற்றம் என நாணயவியலாளர் கருதுகின்றனர்.

தமிழகத்தில் கிடைத்த தெனாரியஸ்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.